மலைச்சோலையில் ஒரு நாள்: கூட்டமாகப் பறவை நோக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் சிலர் சேர்ந்து, ஆண்டுக்கு ஓரிரு முறை மலையுச்சிச் சோலைக்கு, அதாவது உயரத்தில் அடர்ந்து நிற்கும் பசுமைமாறாக் காட்டுக்கு, பறவை நோக்கச் செல்கிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் சுசீந்திரம், தேரூர் குளங்களிலும் மணக்குடிக் காயலிலும் புத்தளம் உப்பளங்களிலும் கண்ணைப் பழக்கியவர்கள். வெட்டவெளியில் நிற்கும் சங்குவளை நாரையையும் பூநாரையையும் ஆற அமர எண்ணிப் பழகிய அந்தக் கண், இருண்ட காட்டுக்குள் முதல் நாள் தடுமாறிப் போகிறது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் தொலைபேசியில் ஏறத்தாழ ஒரே கேள்விகள் வருவதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடலோர மாவட்டமான குமரியில் உயரமான மலைக்காடு எங்கே இருக்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வடக்கிலும் வடகிழக்கிலும் நிற்கும் அந்த மலைகளைப் பழைய நூல்கள் அசம்பு மலை என்று குறிக்கின்றன. திருநெல்வேலி எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி 1600 மீட்டருக்கும் மேல் உயரமுள்ளது. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். இந்த மலைகள் யாவும் 2001இல் அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் இடம்பெற்ற அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தைச் சேர்ந்தவை.

நாங்கள் போவது மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் பகுதிக்கு. அதன் உயரம் சுமார் 1300 மீட்டர். பேச்சிப்பாறை வழியாகக் கீழ் கோதையாறு வரை பேருந்தில் போய்விடலாம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மேல் கோதையாறு தலைக்கு மேலேதான் இருக்கும். ஆனால் அந்தச் செங்குத்தில் ஏறும் வின்ச், அதாவது கம்பிவடம் இழுக்கும் வண்டி, மின்வாரியப் பணியாளர்களுக்கானது. ஆகவே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் போய், மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று சுற்றி வந்து, மறுபடியும் நம் மாவட்டத்துக்குள்ளேயே ஏற வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழிதான். ஆனால் அடிவாரத்து முட்காட்டில் தொடங்கித் தேயிலைத் தோட்டம், மழைக்காடு, உச்சிச் சோலை என்று ஒவ்வொரு படியிலும் பறவைகள் மாறுவதை ஒரே நாளில் காண இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

அனுமதி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். அந்தச் சாலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்கிறது. போகிற இடமும் பாதுகாக்கப்பட்ட காடு. வருபவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், வண்டி எண் ஆகியவற்றுடன் முன்கூட்டியே வனத்துறையிடம் எழுதிக் கேட்கிறோம். கிடைத்தால் போவோம், மழையாலோ யானை நடமாட்டத்தாலோ மறுக்கப்பட்டால், மாறாமலை, பாலமோர், காளிகேசம் ஆகிய தாழ்வான பகுதிகளில் அனுமதி கிடைக்கும் ஓர் இடத்துக்கு மாற்றிக்கொள்வோம். கடைசி நேரத்தில் “என் மைத்துனரும் வருகிறார்” என்று சொல்லாதீர்கள். பட்டியலில் இல்லாத ஒருவருக்காகச் சோதனைச்சாவடியில் அத்தனை பேரும் நிற்க நேர்ந்திருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கினால், இடையில் சற்றே ஓய்ந்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மலையில் அந்த ஓய்வும் பெயருக்குத்தான். தை பிறந்த பிறகே பாதை காய்கிறது, இரத்தம் உறிஞ்சும் அட்டை குறைகிறது, மூடுபனியும் பத்து மணிக்குள் விலகத் தொடங்குகிறது. வடக்கிலிருந்து வலசை வந்த இலைக் கதிர்க்குருவிகளும் சாம்பல் வாலாட்டியும் அப்போது இங்கேயே இருக்கும். 2015 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இந்தக் காலத்தில் வருவதால், அதை ஒட்டி ஒரு பயணம் வைக்க முயல்கிறோம்.

குளிரைப் பற்றியும் கேட்பார்கள். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.65 டிகிரி குறையும் என்ற கணக்கில், நாகர்கோவிலைவிட மேலே எட்டு டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். காற்றடித்தால் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரு ஸ்வெட்டரும் மழைச்சட்டையும் போதும்; ஆனால் நடக்கும்போது சரசரவென்று ஒலிக்கும் துணியாக அது இருக்கக் கூடாது.

ஏன் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை?

ஒருமுறை இருபத்திரண்டு பேரை அழைத்துப் போனேன். யாருக்கும் இல்லை என்று சொல்ல மனம் வராததால் நேர்ந்தது அது. ஒற்றையடிப் பாதையில் முன்னால் போனவர் ஒரு பறவையைக் கண்டு கை காட்டினால், அந்தச் செய்தி வாய்வழியாகக் கடைசி ஆளைச் சேர்வதற்குள் பறவை அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருந்தது. பின்னால் நடந்தவர்கள் அன்று முழுவதும் முன்னால் நடந்தவர்களின் முதுகையே பார்த்தார்கள். அவர்களும் பொழுதுபோகாமல் பேசத் தொடங்க, முன்னால் இருந்தவர்களுக்கும் ஒன்றும் கேட்காமல் போயிற்று. அன்றைய பட்டியலில் மொத்தம் பதினான்கு வகை. அவற்றில் ஐந்து, வண்டியில் இருந்தபடியே பார்த்தவை.

அன்றிலிருந்து எட்டு முதல் பத்துப் பேர் என்பதே எங்கள் அளவு. பத்துப் பேர் வந்தாலும் சோலைக்குள் ஐந்தைந்தாகப் பிரிந்து, அரை மணி நேர இடைவெளியில் நடக்கிறோம்.

விடியற்காலையில் காட்டுக்குள் இருக்க வேண்டாமா? சோதனைச்சாவடியிலேயே பொழுது விடிந்துவிடுமே?

சமவெளியில் இது நியாயமான கவலை. ஜனவரியில் நம் பக்கத்தில் சூரியன் உதிப்பது 6.40ஐ ஒட்டி; குளக்கரையில் அடுத்த இரண்டு மணி நேரமே பொன்னான நேரம். நாங்கள் பின்னிரவில் நாகர்கோவிலிலிருந்து கிளம்பினாலும், சாவடி திறந்த பிறகே மேலே ஏற முடியும். அந்த முதல் வெளிச்சத்தை மணிமுத்தாறு அடிவாரத்தில் செலவிடுகிறோம்; மயில், செம்மீசைச் சின்னான், பனங்காடை என்று பட்டியல் அங்கேயே தொடங்கிவிடும்.

மலையுச்சியின் கடிகாரம் வேறு. பனி மூடியிருக்கும் வரை பூச்சிகள் அசையாது. பூச்சி அசையாதவரை அவற்றைத் தின்னும் பறவைகளும் அவசரப்படாது. வெயில் மரத்தலையைத் தொட்ட பிறகு, ஒன்பதரை, பத்து மணிக்குச் சோலை திடீரென்று உயிர் பெறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தாமதமாகப் போனதால் அதிகம் இழப்பதில்லை. இழக்கும் ஒன்று சீகாரப் பூங்குருவியின் வைகறைப் பாட்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

குளத்தில் ஒரு காலையில் அறுபது வகை காண்கிறேன். மலையில் முழு நாளுக்கும் முப்பதுதான் என்கிறீர்களே?

முப்பது வந்தால் நல்ல நாள். அவற்றிலும் பாதியைக் காதால்தான் ‘பார்த்திருப்பீர்கள்’.

குளத்தில் பறவை உங்களுக்கு எதிரே நிற்கிறது. சோலையில் உங்களுக்கும் அதற்கும் நடுவே பாசி படர்ந்த கிளைகளும் பத்தடி உயரத் தூறும் இருக்கின்றன. தலைக்கு மேலே இலைக்கூரை மூடியிருப்பதால் நண்பகலிலும் அந்திபோல் இருக்கும். அங்கே நடந்துகொண்டே தேடுபவருக்கு நடையின் ஓசைதான் மிஞ்சும். நின்றால், முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். பிறகு சின்னக் குக்குறுவானின் இடைவிடாத குட்ரூ குட்ரூ பின்னணியாக விலகிக்கொள்ள, அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய ஒலிகள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும்: இடப்பக்கத்துத் தூற்றில் ஒரு ‘டிக்’, மேலே வெள்ளைக்கண்ணிகளின் சிணுங்கல், எங்கோ நீலகிரிக் காட்டுப்புறாவின் அடித்தொண்டை உறுமல்.

கூட்டமாகப் போவதன் பயன் இங்கேதான். பத்துக் கண்கள் ஒரே மரத்தைப் பார்ப்பதால் பெரிய நன்மை இல்லை. ஐந்து ஜோடிக் காதுகள் ஐந்து திசையில் திரும்பி நின்றால், தனியாளுக்கு எட்டாதது எட்டும். ஆகவே சோலைக்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி, வட்டமாக நிற்கச் சொல்கிறோம். பார்ப்பவர்களுக்கு இது கோமாளித்தனமாகத் தோன்றலாம். பதினைந்து நிமிடம் பேச்சு கிடையாது; கேட்டவர் கையால் திசை காட்டினால் போதும்.

‘கூட்டம் வருகிறது’ என்று நீங்கள் சொல்வது எந்தக் கூட்டத்தை?

பல இனப் பறவைகள் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும் கலப்புக் கூட்டத்தை. அரை மணி நேரம் ஓர் இலைகூட அசையாத காட்டில், சட்டென்று நான்கு நிமிடத்துக்குள் பதினைந்து பறவைகள் தலைக்கு மேல் கடந்து போகும். பிறகு பழைய அமைதி. உச்சியில் மின்சிட்டுகள், அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் வெல்வெட் நெற்றிப் பசையெடுப்பான், நடுக்கிளைகளில் சாம்பல்தலை ஈப்பிடிப்பானும் இலைக் கதிர்க்குருவிகளும், ஓரமாய்க் காவல்காரன்போல ஒரு துடுப்புவால் கரிச்சான். ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை மற்றொன்று பிடிக்கிறது. பருந்தோ வல்லூறோ வந்தால் எந்தக் கண் முதலில் கண்டாலும் அத்தனைக்கும் எச்சரிக்கை கிடைக்கிறது.

புதிதாக வருபவர் அந்த நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்று ஒன்றையும் பார்க்காமல் போவார். முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் உச்சி, ஒருவர் நடு, ஒருவர் அடிமரம், ஒருவர் எழுதுவதற்கு மட்டும். கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். அது பெரும்பாலும் வட்டமடித்து அதே வழியில் திரும்பி வரும்.

நிச்சயமாகக் காண முடிகிற சிறப்பான பறவை எது?

நிச்சயம் என்று காட்டில் எதையும் சொல்வதில்லை. எதற்காக இவ்வளவு தூரம் போகிறோம் என்று கேட்டால், அசம்புச் சிரிப்பானுக்காக என்பேன். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. ஆங்கிலேய இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு 1880இல் இதை விவரித்தார். நெடுங்காலம் வடக்கே உள்ள சிரிப்பானின் ஒரு வகையாகவே இது எண்ணப்பட்டு வந்தது. மரபணு ஆய்வின் அடிப்படையில் 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலைச் சிரிப்பான்களுக்கென்று மான்டிசிங்க்ளா என்ற தனிப் பேரினம் அமைக்கப்பட்டது. தாழ்ந்த, வெப்பமான கணவாய்களை இப்பறவைகள் கடப்பதில்லை. எனவே கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே ஓர் இனம் என்று அவை தனித்தனியே வளர்ந்தன. கடலில் தீவுகள் இருப்பதுபோல், நம் மலையுச்சிகள் அவற்றுக்குத் தீவுகள். பூமி சூடேறினால் மேலே ஒதுங்க இன்னொரு படி அவற்றுக்கு இல்லை.

ஆள் சாதாரணமாகத்தான் இருக்கும்: மைனாவைவிடச் சற்றுச் சிறிய உடல், குட்டையான வெண்புருவம், சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு. முதல்முறை கண்ட காட்சி நினைவில் நிற்கிறது. சோலை விளிம்பில், காட்டு முள்ளிப்பழப் புதரின் பக்கத்தில், பனிக்குள் நின்றிருந்தோம். புதருக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. உடனே இன்னொன்று அதில் சேர்ந்துகொண்டது. பிறகு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரே நேரத்தில் ஆறு பேர் சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு பறவை தூற்றின் வெளிவிளிம்புக்கு வந்து, ஒரு பழத்தைப் பறித்து, அலகில் உருட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து விழுங்கிற்று. புருவத்தின் வெள்ளை, கண்ணைத் தாண்டாமல் நின்றுவிடுவதை அப்போது தெளிவாகக் கண்டேன். எண்ணியது ஆறு, கேட்டது அதைவிட அதிகம்.

சோலைக்கிளி என்கிறீர்கள். அது கிளியா?

கிளி அன்று, பூச்சி பிடிக்கும் சிறு பறவை. கருநீல உடலும் வெண்வயிறும் நீண்ட கால்களும் உடையது. தரையை ஒட்டிய இருட்டில் தத்தித் திரியும். மலையாளத்தில் கிளி என்பது பொதுவாகச் சிறு பறவையைக் குறிக்கும். எல்லையோரத்தில் இருக்கும் நம் ஊர்களிலும் வயதானவர்கள் சிட்டையும் குருவியையும் கிளி என்பதைக் கேட்டிருப்பீர்கள். ஷோலகிலி என்று இன்று ஆங்கிலத்தில் வழங்குவது அந்தச் சொல்லே. அறிவியல் பெயரான ஷோலிகோலாவும் சோலை என்ற நம் சொல்லிலிருந்தே பிறந்தது. தென்கோடி மலைகளில் இருப்பதைத் தனி இனமாக 2017இல் விவரித்து, அதற்கு ஷோலிகோலா அஷாம்புவென்சிஸ் என்று நம் அசம்பு மலையின் பெயரை வைத்தார்கள். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் இப்பறவையைக் குறிப்பிட நம் சோலையையும் நம் மலையையும் உச்சரித்தாக வேண்டும் என்பதில் எனக்குச் சற்றுக் கர்வம் உண்டு.

இருவாச்சி பார்க்கலாமா?

பெரிய அலகுடைய அந்தப் பறவை உச்சியில் அரிது, ஏறும் வழியில், பெரிய அத்தி பழுத்திருந்தால், வாய்ப்பு உண்டு. சிறகடிக்கும் ஓசை முதலில் வரும். நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோல இருக்கும். மலையாளத்தில் மலமுழக்கி வேழாம்பல் என்று பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் கொண்டுவருவதே அதற்கும் குஞ்சுக்கும் உணவு. ஆண் பறவை பயந்து ஒதுங்கினால் உள்ளே இருப்பவை பட்டினி. எனவே கூடு இருக்கும் மரத்தை நாங்கள் யாருக்கும் காட்டுவதில்லை. கேட்கவும் வேண்டாம்.

என்னென்ன கொண்டு வர வேண்டும்?

பைனாகுலர் இருந்தால் போதும். வாங்குவதாக இருந்தால் 8×42 வாங்குங்கள். முன் கண்ணாடியின் மில்லிமீட்டர் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் ஐந்துக்கு மேல். கடைகளில் ஆசை காட்டும் சிறிய 10×25இல் அது இரண்டரைதான். மணக்குடியில் நன்றாகத் தெரியும், சோலை இருட்டில் கறுப்புத் தாளைப் பார்ப்பதுபோல் இருக்கும். பத்து மடங்கு என்பது கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும்.

உடை இலை நிறத்திலோ மண் நிறத்திலோ இருக்கட்டும். வாசனைத் திரவியம் வேண்டாம். கைபேசியை அமைதியில் வைப்பது போதாது, அணைத்துவிடுங்கள். மேலே பெரும்பாலான இடங்களில் அலைவரிசையும் கிடைக்காது.

செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லிவிடுகிறதே, பிறகு வழிகாட்டி எதற்கு?

மெர்லின் நல்ல செயலிதான். தரவுத் தொகுப்பை ஊரிலேயே இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். அது சொல்வது யோசனை. முடிவு உங்களுடையது. சோலையில் ஓடையின் இரைச்சலும் சில்வண்டின் ஒலியும் கலந்திருக்க, அது துணிந்து தவறாகச் சொல்வதைக் கண்டிருக்கிறேன். திரையில் தோன்றிய பெயரை மட்டும் நம்பிப் பட்டியலில் எழுதுவதில்லை. அது காட்டிய திசையில் காத்திருந்து, கண்ணாலோ பழகிய காதாலோ உறுதி செய்த பிறகே எழுதுகிறோம்.

குரலை ஒலிபரப்பிப் பறவையை வெளியே வரவழைக்கலாமா?

கூடாது. தன் எல்லைக்குள் வேற்றுப் பறவை புகுந்துவிட்டது என்று எண்ணி, அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. உங்களுக்கு ஒரு படம். அதற்கு ஒரு காலை நேரம் வீண். ஃபிளாஷும் டிரோனும் அப்படியே. கேமரா கொண்டு வரலாம். ஆனால் வரிசையில் கடைசியில் நடக்க வேண்டும். கேமராக்காரர்களுக்கு இதில் என்மீது மனத்தாங்கல் உண்டு.

காதால் மட்டும் கேட்ட பறவையைப் பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், உறுதியாகத் தெரிந்தால். பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் ஈபேர்ட் இணையதளமும் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் என் கதையைக் கேளுங்கள். ஒரு பயணத்தில், மேலே பாம்புண்ணிக் கழுகின் கூவல் மிகத் தெளிவாகக் கேட்டது. வானத்தைத் துழாவினோம், காணவில்லை. இருந்தாலும் இந்தக் குரலில் எனக்கு ஐயம் ஏது என்ற துணிச்சலில் எழுதச் சொல்லிவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்ததும் அதே கழுகு மறுபடி கூவியது. அடுத்த நொடியே அதே கிளையிலிருந்து குக்குறுவானின் குரல், பிறகு மலையணிலின் அதட்டல். இலையை விலக்கிப் பார்த்தால், வாலின் இரண்டு துடுப்புகளையும் தொங்கவிட்டபடி ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. பிற உயிர்களின் குரலை அச்சாக எடுத்துப் பேசுவதில் துடுப்புவால் கரிச்சான் வல்லது என்பதைப் பத்து நிமிடம் முன்புதான் நான் எல்லோருக்கும் விளக்கியிருந்தேன். கழுகை அடித்துவிட்டுக் கரிச்சானை எழுதினோம். எழுதிய பள்ளிப் பெண், அடித்த கோடு நன்றாகத் தெரிகிற மாதிரியே விட்டிருந்தாள்.

பட்டியல் வைப்பதில் சில நடைமுறைகள் உண்டு. ஒருவர் மட்டும் எழுதி, பிறகு மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்கிறார். பத்துப் பேரும் தனித்தனியே எழுதினால் ஆறு சிரிப்பான் அறுபதாகிவிடும். நாள் முழுவதற்கும் ஒரே பட்டியல் வைப்பதில்லை. அடிவாரம், தேயிலைத் தோட்டம், சோலை என்று இடம் மாறும்போதெல்லாம் புதிய பட்டியல். இல்லையென்றால் மயிலும் சோலைக்கிளியும் ஒரே இடத்தில் வாழ்வதாகப் பிற்காலத்தில் ஒருவர் எண்ணிக்கொள்வார். காக்கையையும் விடாமல் எழுத வேண்டும். 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது குமரி திருவிதாங்கூரோடு இருந்தது. எந்தப் பறவை எந்த உயரத்தில் இருந்தது என்று இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிவதற்குக் காரணம், அவர் இடத்தையும் சேர்த்து எழுதியதுதான்.

அட்டைக்கு என்ன செய்வது?

ஜனவரியிலும் ஓடைப் பக்கத்தில் இருக்கும். முழங்கால் வரை வரும் அட்டை உறை போட்டுக்கொள்ளுங்கள். உறையின் மேல் மூக்குப்பொடியோ புகையிலை நனைத்த நீரோ தடவுவது நம் தோட்டத் தொழிலாளர்களின் பழைய வழக்கம், அது பலிக்கிறது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்க வேண்டாம். நகத்தால் உறிஞ்சுவாயை மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளை அது செலுத்துவதால் வெகு நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. இரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அரிக்கொம்பன் அங்கேதானே இருக்கிறது?

கேரளத்தில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, பிறகு கம்பம் பக்கம் வந்த அந்த யானையை 2023 ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்து மேல் கோதையாற்றுக் காட்டில் விட்டது உண்மை. அதற்கு முன்பும் அங்கே யானைகள் இருந்தன, கரடியும் காட்டெருதும் சிறுத்தையும் இருந்தன. வனத்துறை ஊழியர் முன்னே நடப்பார். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும். ஆவி பறக்கும் புதிய சாணத்தைக் கண்டு, சோலை வாசலிலிருந்தே ஒருமுறை திரும்பியிருக்கிறோம். அன்று தேயிலைத் தோட்டத்து ஓரத்திலேயே நின்று, கருங்கழுகு ஒன்று மரத்தலைகளை உரசினாற்போல் மெதுவாகப் பறந்து, ஒவ்வொரு கூடாகச் சோதித்துக்கொண்டு போனதை இருபது நிமிடம் பார்த்தோம்.

சாப்பாடு?

பொதிச்சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் ஒரு குலை மட்டிப்பழமும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) கொண்டு வருவோம். கட்டன் சாயா பிளாஸ்கில் இருக்கும். வாழையிலையைக்கூடக் காட்டில் போடுவதில்லை. மிச்சத்துக்குப் பழகும் குரங்கு பிறகு குருவிக்கூட்டையும் விடாது.

வயதானவர்களும் பிள்ளைகளும் வரலாமா? ஒரு பறவையின் பெயர்கூடத் தெரியாதவர்?

பத்து வயதுக்கு மேற்பட்ட, பதினைந்து நிமிடம் பேசாமல் நிற்கக்கூடிய எவரும் வரலாம். இரண்டாவது நிபந்தனை பெரியவர்களுக்குத்தான் கடினமாக இருக்கிறது. நடை மொத்தம் நான்கு கிலோமீட்டருக்குள் இருக்கும்; மூச்சுத்திணறலும் முழங்கால் வலியும் உள்ளவர்கள் தோட்டச் சாலையிலேயே இருந்து பார்க்கலாம்.

பெயர் தெரியாதவரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கீரிப்பாறைப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தன் பேரனுக்குத் துணையாக வந்தார். பைனாகுலரை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மதியம் ஓடைப் பக்கத்தில் நின்றபோது, யாரோ ஒரு பையன் வேலையற்றுப் போய்ச் சீட்டியடிப்பதுபோல, ராகம் பிடிபடாமல் அலைகிற ஒரு குரல் வந்தது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தேட, அவர் பாறையைச் சுட்டி, “அதோ, சூளக்காக்கை” என்றார். நீலமும் கறுப்புமாய்ச் சீகாரப் பூங்குருவி ஈரப்பாறையில் வாலை விரித்து மூடிக்கொண்டிருந்தது. பால்வெட்டுக்கு இருட்டிலேயே போக வேண்டும். நெற்றி விளக்கோடு மரம் மரமாக நடந்த முப்பது வருடமும் தனக்குப் பேச்சுத்துணையாக இருந்தது அந்தக் குரல்தான் என்றும், முகத்தை இன்றுதான் இத்தனை பக்கத்தில் பார்ப்பதாகவும் சொன்னார். அது எந்த மாதத்தில் அதிகம் பாடும், மழைக்கு முன் எப்படி மாறும் என்று அவர் சொன்னவற்றை அன்றைய பட்டியலின் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்திருக்கிறோம்.

எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்?

பிற்பகல் மூன்றுக்குள் இறங்கத் தொடங்கிவிடுவோம். இருட்டிய பின் அந்தச் சாலையில் இருக்கக் கூடாது. அடிவாரத்தில் முதலில் தென்படும் சாயாக்கடையில் வண்டியை நிறுத்தி, எழுதியவர் பட்டியலை உரக்க வாசிப்பார். ஐயம் உள்ளவற்றை அங்கேயே பேசி அடிப்போம் அல்லது வைப்போம். அதற்கு அரை மணி நேரம் ஆகும், சில சமயம் சண்டையும் வரும். நாகர்கோவில் சேர இரவு எட்டு அல்லது ஒன்பது என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.